இருபத்தைந்து நாள் கஞ்சி

தாளின் மறுபக்கத்தை அவள் அன்றைக்குத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அவள் பிள்ளை ஹாதிக்குப் பதினோரு மாதம்தான் ஆகிறது, அவன்கூட ஒரு காகிதம் கையில் கிடைத்தால் இந்தப் பக்கம் நக்கிவிட்டுத் திருப்பி அந்தப் பக்கமும் நக்கிப் பார்க்கிறான், மஃரூபா பார்க்கவில்லை. பிள்ளைக்கு நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியைத் தேடித் துணிக்கூடையைக் கவிழ்த்தபோது அது தரையில் விழுந்தது, நாலாக மடித்து, அதற்கு மேலும் மடித்து, தீப்பெட்டி அளவுக்குக் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. கணையத்தில் கட்டி வந்த வாப்பாவுக்குச் சோறு செரிக்க வேண்டுமென்று மதுரையில் எழுதிக் கொடுத்த கேப்சூலோடு டப்பாவுக்குள் இருந்த தாள். செரிக்க வைக்கிற நீர் அவருக்கு உள்ளே ஊறவில்லை, அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், வேளைக்கு இரண்டு. இருபத்தைந்து நாளைக்கு முன்னால், பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த அலுப்போடு, இதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எறும்பு ஊர்ந்த மாதிரியான அந்த இங்கிலீஷ் எழுத்தை நாலாவது வரி வரைக்கும் வாசித்தாள். நாலாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. போர்சைன். ராமநாதபுரம் கான்வென்ட்டில் எட்டாம் வகுப்பில் சிஸ்டர் எமரன்ஷியா கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டவற்றில் ஒன்று, மாட்டைச் சேர்ந்ததற்கு ஒரு சொல், பூனைக்கு ஒரு சொல், நாய்க்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, கடைசியாகப் பன்றிக்கு. மூன்றாவது பெஞ்சில் முக்காடு போட்ட நாலு பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள், மஃரூபா மட்டும் அந்த ஒரு சொல்லைப் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதினாள், வீட்டுக்குப் போகும்போது அழித்துவிடலாம் என்று. அழித்தாள். அழித்தும் மனசுக்குள் கிடந்து, பதினாலு வருஷம் கழித்து ஒரு மருந்துத் தாளில் எழுந்து நின்றது. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது. அதற்கு மேல் வாசிக்கக் கண்ணுக்குத் தெம்பில்லை. மடித்தாள், மறுபடி மடித்தாள், இனி மடிக்க முடியாது என்கிற வரைக்கும் மடித்தாள், யாரும் தேடாத இடம் பிள்ளையின் மூத்திரத்துணிக்கு அடிதான் என்று தோன்றியது. இன்றைக்கு அதைப் பிரிக்கும்போது மறுபக்கம் மேலே வந்தது. மறுபக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, சூடான உணவில் கலக்கவே கூடாது. கலந்தால் மருந்தின் மேலிருக்கும் பூச்சு கரைந்துபோகும், குடலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே மருந்து செத்துவிடும்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு குமிழ் வந்து உடைவது, இன்னொரு குமிழ். ஒரு வேளைக்கு இரண்டு கேப்சூல், மூன்று வேளை, ஒவ்வொன்றையும் நகத்தால் கீறித் திறந்து, உள்ளே கசகசா மாதிரி இருக்கும் மணிகளைக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியில் கொட்டிக் கலக்கி, மேலே மிளகுத்தூளைத் தூவி, வாப்பாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். நாளுக்கு ஆறு. எத்தனை ஆகிறது என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். டாக்டர் வசுந்தராவின் முகம் வந்தது. சின்ன வயசு டாக்டர், மூக்குத்தி போட்டவர், அவசரமே படாமல் பேசுவார். வாப்பாவின் வலது காது கப்பல் இன்ஜின் ரூமிலேயே செத்துப்போனது, இடது காது பாதி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நாற்காலியை இடது பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். "ஐயா, அந்தக் கட்டி தன்னைச் சுத்தி மதில் கட்டிக்கிச்சு. தழும்பு மாதிரி தடிச்ச சதை. நாங்க ஏத்துற மருந்து உடம்பு பூரா போகுது, முடி கொட்டுது, வாந்தி வருது, போக வேண்டிய எடத்துக்கு மட்டும் போகல." வாப்பா இருபத்தாறு வருஷம் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற ஆயில்மேனாகக் கப்பலில் இருந்தவர், குழாயும் அழுத்தமும் தெரிந்த மனுஷர், தலையை ஆட்டினார். "லைன்ல எண்ணெ ஓடுது, பேரிங்குக்கு மட்டும் எட்டலேங்கிறீங்க." "அதே தாங்கய்யா." "அப்ப அடைப்ப எடுக்கணும், இல்லேன்னா வேற லைன் போடணும்." "வேற லைன்தான் போடப் போறோம்." மருந்தைக் கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்புகிற புது முறை, ஆராய்ச்சி, நாடு பூராவும் இருநூறு பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அப்போதுதான் டாக்டர் அதைச் சொன்னார், இந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து, உங்கள் ஜனங்களிலிருந்து, இதற்கு யாருமே பேர் கொடுக்க வருவதில்லை, வராமலே இருந்தால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று. வாப்பா சிரித்தார். "நான் ஒருத்தன் கையெழுத்துப் போட்டா என் ஜனம் பூரா வந்துருமா டாக்டரம்மா?" "மொத ஆளா வர்றீங்கள்ல?" "கப்பல் கரை தட்டுனப்பவும் மொத ஆளா எறங்குனது நான்தான்." அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள், மஃரூபாவும் சிரித்தாள். நாற்பத்தாறு கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை, அதற்குத்தான் இந்தக் கேப்சூல். இதை ஒழுங்காக எடுத்தால் எடை நிற்கும், ஏறினாலும் ஏறும். எடுத்தும் இறங்கினால் நோய் ஓடுகிறது என்று அர்த்தம், அப்புறம் பேரை எடுத்துவிட வேண்டியதுதான். நாளைக்கு வியாழக்கிழமை. நாளைக்குத் தராசு.

பத்து நாளைக்கு முன்னால் பார்த்தபோது நாற்பத்தேழு சொச்சம். வாப்பா உள்ளறையில் தராசில் நின்றுகொண்டிருந்தபோது வராந்தாவில் டாக்டர் இவளைக் கேட்டார், கேப்சூல் எடுக்கிறாரா என்று. யெஸ் டாக்டர், த்ரீ டைம்ஸ், வித் ஃபுட். கான்வென்ட் இங்கிலீஷ், முதுகை நிமிர்த்திக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அந்த மொழியில் பொய் சொல்லும்போது அது பொய் மாதிரியே இல்லை, ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பொய்கூட இல்லை, எடுக்கத்தான் எடுத்தார், எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லையே. இது எதிலிருந்து செய்தது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று டாக்டருக்குக் கேட்கத் தோன்றவில்லை, மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் இருந்தார், இவளுக்குக் கேட்கலாம் என்றே தெரியாது. முக்காடு போட்டுக்கொண்டு போய் நின்று பன்றியா டாக்டர் என்று கேட்டால் இதுங்களுக்கு இதுதான் பெரிசு என்று நினைப்பார்களோ, பேரை எடுத்துவிடுவார்களோ. பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டிருக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்பது இவளுக்கும் தெரியும், அவர் அதைத்தான் சொல்லியிருப்பார், ஆனால் மத்தியானம் லுஹர் தொழுகைக்குக் கேட்டால் அஸர் தொழுகைக்குள் தெரு பூராவும் தெரிந்துவிடும். அதுவுமில்லை. உண்மையில் அதுவுமில்லை, பயம் வேறு இடத்தில் இருந்தது. வாப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதுதான் பயம். ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குப் புதுசாக ஏறிய சமையல்காரன் முஸ்லிம்களுக்கென்று தனியாக வைத்திருந்த சட்டியில் அந்த இறைச்சியைப் பொரித்துவிட்டான். வாப்பாவோடு சேர்த்து ஆறு பேர். நாலாம் நாள் மற்ற ஐந்து பேரும் சட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள், வாப்பா மட்டும் அடுத்த கரை வரும் வரைக்கும் பதினோரு நாள் ரொட்டியும் பச்சை வெங்காயமும் கட்டன் சாயாவும். கேப்டன் கூப்பிட்டு, செத்துக்கித்துப் போய்விடாதே மேன் என்றாராம். சாக மாட்டேன் சார், இன்னும் வெங்காயம் இருக்கு என்றாராம். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார், பெருநாளைக்கு வந்தவர்களிடம், இவள் நிக்காஹுக்கு வந்தவர்களிடம், உம்மா உயிரோடு இருந்தபோது உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, பதினோரு நாள் வெங்காயம் தின்னுட்டுத்தான் எனக்கு லெட்டர் எழுதுனாரு, லெட்டரே நாறுச்சு என்பாள். சிரிப்புக் கதைதான். அந்தச் சிரிப்புக் கதைக்குப் பயந்துதான் அவள் நகத்தால் கேப்சூலைக் கீறினாள்.

இன்னொன்றும் இருந்தது மறுபக்கத்தில். மணிகள் வாயில் தங்கினால் வாய் புண்ணாகும் என்று. வாயெல்லாம் எரியுதும்மா என்று வாப்பா சொன்னது எந்தக் கிழமை. கீமோ கொடுத்தா அப்படித்தான் இருக்கும் வாப்பா என்று சொல்லித் தேங்காய்ப்பால் கொடுத்தாள், தேங்காய்ப்பாலைக் கொடுத்துவிட்டு ராத்திரிக் கஞ்சியில் மறுபடி கொட்டினாள். அப்புறம் ஹாதி. வாப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு அவர் கிண்ணத்துக்கே கையை நீட்டுவான், அவரும் ஊதி ஊதி ஒரு வாய் கொடுப்பார், அவள் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள், கீமோ மருந்து எச்சில்ல இருக்கும் வாப்பா, பிள்ளைக்குக் கூடாது என்று அதற்கும் ஒரு பொய். ஆனால் எல்லா நேரமும் ஓட முடிந்ததா. ஒருநாள் ஈறெல்லாம் சிவந்து, பால் குடிக்காமல் அலறினான், பல்லு வருது என்றாள் பல்கீஸ் சாச்சி, ஆமா பல்லு என்று இவளும் நம்பினாள். பல் வந்ததுதான். பல்லும் வந்தது, அதற்கு முன்னால் இதுவும் போயிருக்கிறது அந்த வாய்க்குள், தன் கையால், பிறந்த அன்றைக்கு வாப்பா காதில் பாங்கு சொன்ன பிள்ளையின் வாய்க்குள். ஆண்டவன் என்னைத்தான் பிடிப்பான், இவனையல்ல, இவனையல்ல என்று அவள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டாள். எதற்கு முதலில் பயப்படுவது என்று புரியவில்லை, ஹராமான பொருளைக் கொடுத்தது பெரிசா, அதைக் கொடுத்தும் பிரயோஜனமில்லாமல் கொடுத்தது பெரிசா, இருபத்தைந்து நாள் ஒரு மனுஷனைப் பட்டினி போட்டது பெரிசா. சாப்பிட்டதெல்லாம் எண்ணெயாக மிதந்து வெளியே போகிறது என்று அவர் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னபோதாவது புரிந்திருக்க வேண்டாமா. அடிப்பிடித்த வாசனை வந்தது. எழுந்து ஓடினாள்.

"ஏண்டி, ஊரே மணக்குது ஒன் சமையலு." பல்கீஸ் சாச்சி, உம்மாவின் தங்கை, நாலு வீடு தள்ளி இருப்பவள், கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. இடுப்பில் ஹாதி, முற்றத்தில் தவழ்ந்துகொண்டிருந்தவனை வரும் வழியிலேயே அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். "தெனம் அந்தக் கஞ்சியில என்னத்தப் போட்டுக் காச்சுற? நேத்து மிஞ்சுனத என் கோழிக்கு வச்சேன், மோந்து பாத்துட்டு என்னைய ஒரு பார்வ பாத்துச்சு பாரு."

"மருந்து சாச்சி. சத்து மருந்து."

"சத்தா? மச்சான பாத்தா சத்து ஏறுன மாதிரியா இருக்கு? கைலிக்குள்ள காத்துதான் இருக்கு." சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒருத்தி. நீ என்னடி வெளிறிப்போயி நிக்கிற? ஒன் மாப்புள சார்ஜாலேர்ந்து போன் பண்ணலையா?"

"ராத்திரி பண்ணுனாங்க."

"அப்ப அதுவுமில்ல. சரி, இவன நான் தூக்கிட்டுப் போறேன், லுஹர் முடிஞ்சு கொண்டாறேன். நீ மீன் ஆணத்தப் பாரு, மச்சானுக்கு இன்னைக்காச்சும் சோறு போடு. கஞ்சி கஞ்சின்னு கஞ்சித்தொட்டியாக்கிட்ட அவுகள."

சாச்சியின் செருப்புச் சத்தம் சந்து முனை திரும்பும் வரைக்கும் மஃரூபா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். கஞ்சியை வடிகாலில் கொட்டினாள். கொட்டியது வெள்ளையாக வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கை தானாக ஒரு வேலை செய்தது, அலமாரியில் இருந்த ஆப்பிளை எடுத்துத் துருவ ஆரம்பித்தது. தாளில் இன்னொரு வரி இருந்ததே, விழுங்க முடியாதவர்களுக்கு ஆறிய, புளிப்பான, மெத்தென்ற எதிலாவது தூவி மெல்லாமல் விழுங்கக் கொடுக்கலாம் என்று. ஆப்பிள் என்றே போட்டிருந்தது. அப்படியானால் ஒன்றும் ஆகிவிடவில்லை, கஞ்சிக்குப் பதிலாக ஆப்பிள், மிளகுக்குப் பதிலாக ஏலக்காய், வாப்பா, பழம் சாப்பிடுங்க, மெல்ல வேணாம், அப்படியே முழுங்குங்க, வாய்ப்புண்ணுக்கு அதுதான் நல்லது. எவ்வளவு சுலபமாக வருகிறது. அடுத்த பொய் முந்தின பொய்யைவிட எவ்வளவு அழகாக வருகிறது, இது டாக்டரே ஒத்துக்கொள்கிற பொய். ஆனால் நாளைக்குத் தராசு. இன்றைக்கு மத்தியானம், ராத்திரி, நாளைக் காலை, மூன்று ஆப்பிளில் எந்த எடை ஏறும். ஏறாது. தராசு நாற்பத்தைந்தைக் காட்டும், டாக்டர் பேரை அடிப்பார், மருந்து எடுத்தும் ஏறவில்லை என்று எழுதுவார். அடுத்து நம்ம ஜனத்திலிருந்து யாராவது வந்தால் இந்தக் கேப்சூல் இவர்களுக்குக் கேட்பதில்லை என்று அந்த எழுத்தை எடுத்துப் பார்ப்பார்களோ, இருநூறு பேரில் ஒரே ஒரு ஆள், அந்த ஒரு ஆளின் கணக்கிலும் இவள் கஞ்சியை ஊற்றியாயிற்று. சொன்னால் டாக்டர் அவகாசம் கொடுக்கலாம், ரெண்டு வாரம் கொடுங்கள் டாக்டர், மருந்து போகவே இல்லை, இனிமேல்தான் போகப் போகிறது. அதை வாப்பாவை வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும். அவரிடம் சொல்லாமல் டாக்டரிடம் சொல்ல முடியுமா. அவரை மறுபடி உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, வராந்தாவில், இங்கிலீஷில். துருவிய ஆப்பிள் பழுப்பாகிக்கொண்டு வந்தது. சொன்னால் மறுத்துவிடுவார். சொல்லாவிட்டால் போய்விடுவார். சொன்னாலும் போய்விடுவார். எப்படிச் சொல்வது, அந்த மிருகத்தின் பேரைச் சொன்னாலே மூன்று தடவை வாய் கொப்பளிக்கச் சொல்லி வளர்த்தவரிடம், காது கேட்காத மனுஷரிடம், சத்தம் போட்டு, ஜன்னலுக்கு ஜன்னல் கை நீட்டினால் தொடுகிற இந்தச் சந்தில்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. வாப்பாவின் அறையில் செம்பு உருளுகிற சத்தம், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர்ச் சத்தம், ரொம்ப நேரம் ஆயிற்று அவருக்கு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கால் கழுவ வேண்டும், உதவிக்குப் போனால் கோபம் வரும். இந்த வீட்டை ஒவ்வொரு கப்பலாக ஏறி இறங்கிக் கட்டி, ஊர் வழக்கப்படி நிக்காஹ் அன்றைக்கு இவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து, நான் ஒன் வீட்டு விருந்தாளி, விருந்தாளிக்குச் சாயா உண்டா என்றுதான் கேட்பார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். அவர் முடிக்கும் வரைக்கும் அவள் சோற்றை இறக்கினாள், வாளமீன் ஆணத்தைக் கிண்ணத்தில் ஊற்றினாள், விரிப்பை விரித்தாள், எல்லாவற்றையும் ரொம்ப நிதானமாக, இன்றைக்குள் முடிந்துவிடக் கூடாது என்பது போல. அவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இடுப்புக் கைலியை ஒருமுறை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மா, இங்க ஒக்காரு. நாளைக்கு வண்டி சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் வாப்பா."

"வேணாம்னு சொல்லிரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, வெயிலாக இருக்கிறது வெளியே போகாதே என்பது போலச் சொன்னார். "காலையில கைலியச் சுத்திப் பாத்தேன். கூடுதலா ஒரு சுத்து வருது. அந்தம்மா சொன்ன நம்பரு எனக்கும் நெனவிருக்கு புள்ள. தராசுல ஏறி எறங்கி அந்தம்மா மொகம் வாடுறதப் பாக்கணுமா? அவங்க நல்லாத்தான் கொடுத்தாங்க, நீயும் நல்லாத்தான் பாத்த. எண்ணெ போட்டும் சுத்தலேன்னா மிஷினு முடிஞ்சிச்சு, அவ்வளவுதான். என் பேர அடிச்சுட்டு வேற யாருக்காச்சும் அந்த எடத்தக் கொடுக்கச் சொல்லு."

"எண்ணெ போடல வாப்பா."

"ஆங்?"

"எண்ணெ போடவே இல்ல வாப்பா."

அவர் இடது காதை இவள் பக்கம் திருப்பினார். அவள் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் காதுக்கு வாயைக் கொண்டுபோனாள். காது மடலில் வெள்ளை மயிர், கழுத்தில் மருந்தும் அத்தரும் கலந்த வாசனை. சொன்னாள். அந்தச் சொல்லை இங்கிலீஷில் சொல்லலாம் என்று ஒரு கணம் நாக்கு ஒளிந்தது, அப்புறம் தமிழிலேயே சொன்னாள். கேப்சூலைத் திறந்ததை, கஞ்சியை, சூட்டை, தாளின் மறுபக்கத்தை, வராந்தாவில் சொன்னதை. வாய்ப்புண் எதனால் வந்தது என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்தும் தலையை எடுக்கவில்லை, எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"எத்தன நாளா?"

"இருபத்தஞ்சு."

"புள்ளைக்கும் போச்சா?"

"ரெண்டு மூணு வாய் போயிருக்கும் வாப்பா. ஒங்க கிண்ணத்துலேர்ந்து."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு ஈ வந்து சோற்றுத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்தது, அவள் அதை விரட்டவில்லை. "அப்ப அது உள்ள போயிருச்சு," என்றார் வாப்பா. "மருந்துதான் உள்ள போகல."

அடித்திருக்கலாம். தட்டைத் தள்ளியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் குனிந்திருந்தாள். "இனிமே முழுசா முழுங்கணும் வாப்பா, சோத்தோட. நாளைக்கு நான் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன், அவங்க ரெண்டு வாரம் கொடுத்தாலும் கொடுப்பாங்க. கொடுக்காமலும் போகலாம். நீங்க வேணாம்னா வேணாம். ஆலிம்சாகிட்ட வேணா கேட்டுட்டு..."

"மார்க்கம் எனக்குத் தெரியும். உசுருக்கு வந்தா கூடும்." அவர் கண்ணைத் திறந்தார். "கூடும்ங்கிறது வேற, நான் தின்பேனாங்கிறது வேற. மொத நாளே நீ கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும் வாப்பா. அதனாலதான்."

"அதச் சொல்ல உட்டிருக்கணும் மா." குரல் உயரவில்லை. செவிடர்களுக்கு இருக்கிற அந்தச் சத்தமான குரல்கூட இன்றைக்கு வரவில்லை. "இப்ப எப்படிச் சொல்லுவேன்? இப்ப நான் வேணாம்னுட்டு மவுத்தானா, வாப்பா நோயிலதான் போனாருன்னு நீ நெனைப்பியா? மாட்ட. ஒன்னைய எனக்குத் தெரியாதா. நீ ஆயுசு பூரா அந்தக் கஞ்சியத்தான் காச்சிக்கிட்டிருப்ப."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அவருடைய முடிவை அவரிடம் திருப்பிக் கொடுத்ததாகும், வைத்துக்கொள்வதோ எறிவதோ அவர் இஷ்டம் என்று காலையிலிருந்து எதை நினைத்து நினைத்துக் கிட்டத்தில் வந்தாளோ, அது திருப்பிக் கொடுக்கிற பொருளாக இல்லை. இன்னும் வெங்காயம் இருக்கு என்று சொன்ன மனுஷரிடம் வேண்டாம் என்ற ஒரு சொல் மிச்சமிருந்தது, நோய்கூட அதைத் தொடவில்லை, அவள் எடுத்துவிட்டாள்.

"கொண்டா," என்றார்.

டப்பாவைக் கொண்டுவந்து இரண்டை உள்ளங்கையில் தட்டினாள். பழுப்பும் கண்ணாடி நிறமும், உள்ளே மணிகள் அசைந்தன. அவர் அவற்றை இருபத்தைந்து நாளில் முதல் தடவையாகப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இன்ஜினில் போடப்போகிற ஒரு சின்ன உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல. ஒன்றை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேசத் தெரிந்த நாளிலிருந்து ஒரு வாய் தண்ணீருக்கும் ஆண்டவன் பேரைச் சொல்லித் தொடங்கிப் பழகிய உதடு, பழக்கத்தில் பிஸ்மி சொல்ல ஆரம்பித்தது. பாதியில் நின்றது. உதடு மூடிக்கொண்டது. பிறகு ஒன்றும் சொல்லாமல் அதை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். ஒட்டிப்போன கழுத்தில் அது ஏறி இறங்குவது தெரிந்தது. சோற்றைப் பிசைந்து கையில் எடுத்து, அதற்கு மட்டும், தெருவுக்கே கேட்கிற மாதிரி பிஸ்மி சொன்னார். ஒரு வாய் சாப்பிட்டார். மென்று விழுங்கிவிட்டு, இவளைப் பார்க்காமல், இடது கையை நீட்டினார். அவள் இரண்டாவதை அதில் வைத்தாள். அதற்கு உதடு அசையவே இல்லை.